வாய்க்கால் தாண்டாத சத்தம்

மூன்று மணிக்கு ஜட்ஜ் எழுந்திருப்பார். முகம் கழுவி, காப்பி குடித்து, கோர்ட்டுக்கு வந்து, முதல் கையெழுத்தாக மாரியப்பனை ஜெயிலுக்கு அனுப்புவார். எங்கள் கையில் இருந்தது அவர் தூங்கும் நேரம் மட்டும்தான்.

பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கி நாலைந்து வருஷம் ஆகியும், புதுச்சேரியில் கோர்ட்டும் கடைகளும் பெரிய மனிதர்களும் அவன் விட்டுப்போன மத்தியானத் தூக்கத்தை மட்டும் விடவில்லை. ஊரே கண்ணை மூடியிருந்த அந்த வெயிலில், துப்பறியும் தெய்வசிகாமணியின் மோட்டார் சைக்கிளில், பக்கப் பெட்டிக்குள் பூசணிக்காய் மாதிரி உருண்டுகொண்டு போனவள் நான். பெயர் தனக்கொடி. முன்பு டெலிபோன் ஆபீசில் ஊரார் பேச்சை இணைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நடுவில் நானும் ஒரு வார்த்தை பேசிவிட்டதால் வேலை போயிற்று. இவரிடம் அதே வாய்க்காகத்தான் வேலை கிடைத்தது.

வழக்கு இதுதான். முந்தாநாள் மத்தியானம், மீன் கூடையோடு டவுனுக்கு நடந்து வந்துகொண்டிருந்த பூவாயியை, அரியாங்குப்பம் பாலத்தின் மேல் ஒரு கார் பின்னாலிருந்து இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. பூவாயி இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். காலையில் நாங்கள் போய்ப் பார்த்தபோது, காரின் நிறத்தைக்கூட அவளால் சொல்ல முடியவில்லை.

"பாத்தது புழுதியும் மீனுந்தாங்க," என்றாள். "சத்தம் மட்டும் காதுலயே நிக்கிது. பேய் கணக்கா கத்திக்கினு வந்துச்சு. இடிச்சப்பொறவு இன்னும் அதிகமாக் கத்திச்சு. நிக்கலியே, பாவி!"

இந்த ஊரில் பேய் கணக்காகக் கத்தும் கார் ஒன்றே ஒன்றுதான் என்பது பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். சோழவரம் பந்தயத்தில் ஓட்டுவதற்காக சக்கரபாணி என்ற பணக்கார வாலிபன் பிரித்துப் பிரித்து மாட்டி வைத்திருக்கும் குட்டி ரெனோ கார். சக்கரபாணி அன்றைக்குச் சென்னையில் இருந்தான். ஷெட்டில் காரோடு இருந்தது மெக்கானிக் மாரியப்பன் மட்டும். ஆகவே இன்ஸ்பெக்டர் கலியமூர்த்தி மாரியப்பனை லாக்கப்பிலும், ரெனோவை ஸ்டேஷன் முற்றத்தில் செங்கல்லின் மேலும் ஏற்றி வைத்துவிட்டார். கார் ஓடிவிடக் கூடாதாம், சக்கரங்களையும் கழற்றியாயிற்று.

சத்தத்தைக் கேட்டதாகச் சாட்சி சொன்னவர்களில் முதலியார்பேட்டை சோடாக் கடைக்காரர் ஒருவர், உப்பளம் டீக்கடைக்காரர் ஒருவர். இவர்களை விடப் பெரிய சாட்சி, வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் வெள்ளைக்காரத் தெருவில், வீட்டில் இருந்தபடியே அதைக் கேட்டதாகச் சொன்ன பென்ஷன்காரர் உத்திராபதி. சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். சக்கரபாணி கார் சத்தத்தைப் பற்றிப் புகார் எழுதி எழுதியே பேனாவைத் தேய்த்தவர்.

முதலில் ஷெட்டுக்குப் போனோம். வாய்க்கால் முனைக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது. மாரியப்பனின் மனைவி தனம் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அழுது முடித்துவிட்டு, அடுத்து யாரைப் பிடித்து உலுக்கலாம் என்று பார்க்கும் முகம்.

"அவரு ஓட்டலிங்க," என்றாள் எடுத்த எடுப்பில். "ஓட்டறதுக்கு வண்டியில குழாயே மாட்டல. இதோ பாருங்க."

சாக்கின் மேல் மூன்று சைலன்சர்கள் கிடந்தன. எது பந்தயத்துக்கு ஒத்துவரும் என்று மாரியப்பன் ஒவ்வொன்றாக மாட்டிக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தானாம். ஒன்று காரோடு கூடவே வந்தது, குண்டாக, சாதுவாக இருந்தது. இன்னொன்று சக்கரபாணி பட்டணத்தில் வாங்கி வந்தது. உள்ளே தடுப்பே கிடையாது, வெறும் குழாய். மூன்றாவது மாரியப்பனே தகரம் வெட்டி ஒட்டியது.

"வெறுங்குழாய் கத்துமே தவிர, கெளம்பறப்ப இழுப்பு இல்லியாம். ராத்திரியெல்லாம் தூக்கத்துலயும் அதான் பேச்சு. 'சன்னமா வச்சா மூச்சு முட்டுது, பெருசா வச்சா தெம்பு இல்ல தனம்'னு பொலம்புவாரு."

"பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவன்கூட இவ்வளவு யோசிக்க மாட்டான்," என்றேன்.

தெய்வசிகாமணிக்கு ஓர் இடத்தில் நிற்கத் தெரியாது. நான்கு நடை நடந்து, ஒரு குழாயை எடுத்துத் தன் கையோடு வைத்து அளந்தார். விரல் நுனியிலிருந்து தோள் வரைதான் வந்தது.

"மொத்த நீளமே இவ்ளோதானா?"

"எஞ்சினு பின்னாடிதானே இருக்குது. பொறந்த எடத்துலயே புகை வெளிய போயிடும்."

"குழாய் இல்லாம இருந்துச்சுன்னு இன்ஸ்பெக்டர்கிட்ட சொன்னியாம்மா?"

"சொன்னேங்க. குழாய் இல்லன்னா இன்னும் நல்லாத்தான் கத்தும்னு சொல்லிட்டாரு."

இன்ஸ்பெக்டர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. தனம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நான் ஸ்டேஷன் படியில போயி உக்காந்துக்கறேன். மூணு மணிக்கு இட்டுக்கினு போறாங்களாம். ஒரு பொம்பளைய இடிச்சுப்புட்டு ஓடினவன்னு பேரு வந்துட்டா, அப்பறம் இந்த ஊருல யாருய்யா அவரு கையில கார் சாவி குடுப்பாங்க? அவருக்கு வேற ஒண்ணுந் தெரியாதுய்யா."

தெய்வசிகாமணி மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

திருடனைத் துரத்தியிருக்கிறேன், ஓடிப்போன பெண்ணைத் துரத்தியிருக்கிறேன். முந்தாநாள் கேட்ட சத்தத்தைத் துரத்தியது அன்றைக்குத்தான். பாலத்திலிருந்து ஆரம்பித்தோம். முதலியார்பேட்டை சோடாக் கடைக்காரர் படுத்த பாயிலிருந்தே கையை மட்டும் தூக்கி வடக்கே காட்டினார். உப்பளம் டீக்கடையில், "டம்ளரெல்லாம் ஆடிச்சு" என்றார்கள். வாய்க்கால் முனையில் நுங்கு விற்கும் அங்கம்மாள், தூக்கத்தைக் கெடுத்ததற்காக எங்களை ஒரு பாட்டம் திட்டிவிட்டுப் பிறகு சொன்னாள்.

"இங்க வரைக்கும் வந்துச்சு. அப்பறம் நின்னுபோச்சு."

"கார் நின்னுதா?" என்றார் தெய்வசிகாமணி.

"காரு நின்னுதா போச்சான்னு நான் கண்டனா? மூஞ்சிய மூடிக்கினு படுத்துக்கினு இருந்தேன். சத்தம்தான் நின்னுச்சு. வாய்ல துணிய வச்சு அடைச்சாப்புல."

முனையிலிருந்து கல்லெறியும் தூரத்தில் சக்கரபாணியின் ஷெட். சத்தம் ஷெட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தால் மாரியப்பன் கதை முடிந்தது.

வாய்க்காலைத் தாண்டி வெள்ளைக்காரத் தெருவுக்குள் போனோம். மஞ்சள் சுவர்கள், மூடிய ஜன்னல்கள், ஒரு காக்கைகூடக் கத்த யோசிக்கும் அமைதி. ஒரு பங்களா வாசலில் காவல்காரர் ராமலிங்கம் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார்.

"முந்தாநாளா?" என்று கண்ணைக் கசக்கினார். "அன்னிக்குத்தான் சுகமான தூக்கம். அந்த சக்கரபாணி ஊருல இல்ல பாருங்க, தெருவே நிம்மதியா இருந்துச்சு."

"ஆக, சத்தம் வாய்க்காலில் விழுந்து செத்துப்போச்சு முசியே," என்றேன் திரும்பும்போது. 'ஐயா' என்பதற்கு இந்த ஊரில் இன்னும் 'முசியே'தான். "வலை போட்டுத் தேடலாமா?"

"சத்தம் தானாச் சாகாது. யாராவது வாயைப் பொத்தணும். ஓடற காரோட வாயைப் பொத்த முடியுமா?"

"என் வாயைப் பொத்த ஆறு வருஷம் முயற்சி பண்ணினாங்க, முடியல. காரைப் பத்தி எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சவன் ஒருத்தன் இருக்கான், பெட்டியில ஏறு," என்றார்.

ரெட்டியார்பாளையத்தில், விழுப்புரம் ரோட்டின் மேலேயே இருந்தது சுப்பராயனின் பட்டறை. புதுச்சேரியில் காருக்குக் குழாய் வளைப்பவர் அவர் ஒருவர்தான். அதை அவரும் மறப்பதில்லை, பிறரையும் மறக்க விடுவதில்லை. பட்டறைக்குள் வேட்டிக்கு மேல் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கும் ஆளை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

"சின்னக் கார் ஒண்ணுக்கு நல்ல சைலன்சர் வேணும்," என்று ஆரம்பித்தார் தெய்வசிகாமணி. கால் ஒன்று தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது.

"உங்களுக்கு வேகம் வேணுமா, பேரு வேணுமா? மொதல்ல அதச் சொல்லுங்க," என்றார் சுப்பராயன். "பேரு வேணும்னா அகலமா ஒரு குழாய வச்சு நேரா உட்டுடறேன். ஊரே திரும்பிப் பாக்கும், வண்டி மட்டும் மேட்டுல ஏறாது. வேகம் வேணும்னா எஞ்சினுக்குத் தக்கன குழாய், வளைவு கம்மி. அந்த வளைவுலதாங்க என் பேரே இருக்குது. மத்தவன் வளைச்சா முட்டியில ஒடுங்கிப் போயிடும். நான் குழாய்க்குள்ள மணலக் கொட்டி, இறுக்கிக் கிட்டிச்சு, சூடு காட்டி வளைப்பேன். உள்ள எலி ஓடினாக்கூட இடிச்சுக்காது."

கடிகாரத்தைப் பார்த்தேன். எலியைப் பற்றிக் கேட்க நேரமில்லை.

"எங்க முசியேவுக்கு ரெண்டும் வேணுங்க," என்று குறுக்கே விழுந்தேன். "வீட்டாண்ட பூனை மாதிரி இருக்கணும். ஊருக்கு வெளிய போனா புலி மாதிரி இருக்கணும். முடியுமா, முடியாதா?"

சுப்பராயனின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படிக் கேளும்மா! ரெண்டு குரல் வேணும்னு சொல்லு! அத என்னைத் தவிர எவன் செய்வான்?"

சாக்கட்டியை எடுத்துத் தரையிலேயே படம் போட்டுவிட்டார். எஞ்சினிலிருந்து வரும் குழாயில், சைலன்சருக்கு முன்னாலேயே ஒரு கிளை. கிளையின் வாயில் ஒரு சின்னத் தகரக் கதவு. அதிலிருந்து ஒரு கம்பி டிரைவர் உட்காரும் இடம் வரைக்கும் போகும். கம்பியை இழுத்தால் கதவு திறந்து புகை நேராக வெளியே பாயும், புலி. விட்டால் கதவு மூடிக்கொண்டு புகை சைலன்சர் வழியாகப் போகும், பூனை.

தெய்வசிகாமணி தட்டிக்கொண்டிருந்த கால் நின்றுவிட்டது.

"இதை யாருக்காவது பண்ணிக் குடுத்திருக்கீங்களா?"

"ஒருத்தருக்குத்தான். நம்ம ரேஸ்காரரு சக்கரபாணிக்கு."

எனக்குத் தலையில் யாரோ தண்ணீரைக் கொட்டினாற்போல் இருந்தது. மாரியப்பனைக் காப்பாற்ற ஓடிவந்து, அவன் கழுத்துக்குக் கயிறு திரித்துக்கொண்டு போகப் போகிறோம்! ஷெட் பக்கத்தில் சத்தம் அடங்கியதற்கும் காரணம் கிடைத்துவிட்டது. இன்ஸ்பெக்டர் காலில் போய் விழுந்து மாலை போட வேண்டியதுதான் பாக்கி.

"சக்கரபாணியே வந்தாரா?" என்று விடாமல் கேட்டார் தெய்வசிகாமணி.

"அவரு எங்க வராரு? அவருக்காகன்னு சொல்லி ஒரு பெரிய மனுஷன் வந்தாரு. தொப்பி, கறுப்புக் கண்ணாடி, பேச்சுக்கு நடுவுல பிரெஞ்சு. அளவெல்லாம் அவரே சொன்னாரு. வேல தெரிஞ்ச ஆளுதான். மாட்டறத நானே மாட்டிக்கறேன்னு, ஆளு உக்காந்து போற புஸ்-புஸ் தள்ளுவண்டியில வச்சுத் தள்ளிக்கினு போகச் சொன்னாரு. அதான் வேடிக்க! குழாய் வண்டிக்கு முன்னாடியும் நீட்டிக்கினு, பின்னாடியும் நீட்டிக்கினு..."

"நீளக் குழாயா?"

"இந்தச் சுவத்துலேர்ந்து அந்த வாசப்படி வரைக்கும் இருக்கும்."

தெய்வசிகாமணி என்னைப் பார்த்தார். நான் என் கையைப் பார்த்தேன். விரல் நுனியிலிருந்து தோள் வரை.

"சக்கரபாணியின் எஞ்சின் பின்னால் இருக்கிறது!" என்று கத்தியேவிட்டேன். "அத்தனை நீளக் குழாயை வைத்து அவன் என்ன, துணியா காயப்போடுவான்?"

"ஏன்யா, உங்களுக்கு அது தெரியாதா?" என்றார் தெய்வசிகாமணி சுப்பராயனிடம்.

சுப்பராயன் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "ரேஸ்காரரு பேரச் சொன்னாங்க. என் குழாய் சோழவரத்துல ஓடப்போவுதுன்னு இருந்தேன். புது வண்டி வாங்கியிருப்பாரு, நமக்கு இன்னா?"

"அந்தப் பெரிய மனுஷனைப் பத்தி வேற எதாவது?"

"கொஞ்சம் ஒரு மாதிரிதாங்க. குழாய லாரி எஞ்சினுல மாட்டி ஓட்டிக் காட்டினேன். கதவத் தெறந்ததும் ஆளு பதறிப்போயிட்டாரு. 'மத்தியானம், மத்தியானம்'னு ரெண்டு கையையும் ஆட்டறாரு. ரெட்டியார்பாளையத்துல மத்தியானத்துக்கு இன்னாங்க? இங்க மாடுகூடத் தூங்காது."

நன்றி சொல்லக்கூட நிற்கவில்லை. மோட்டார் சைக்கிள் பறந்தது. காற்றில் கத்திக் கத்தித்தான் பேசிக்கொண்டோம்.

"ஒருத்தியை இடிச்சுப் போட்டு ஓடறவன், வாய்க்கால் முனையில சத்தத்தை மூடறான். ஏன்?"

"பயம்!"

"போலீஸ் பயமா? அப்படின்னா பாலத்துலயே மூடியிருப்பானே! கம்பிதான் கையிலயே இருக்கே! முதலியார்பேட்டை, உப்பளம் எல்லாம் கத்திக்கிட்டே வந்துட்டு, ஊரெல்லாம் சாட்சி வச்சுட்டு, வாய்க்கால் வந்ததும் மூடறான்."

யோசித்தேன். பெட்டி குலுங்கிய குலுக்கலில் யோசனை தானாக இடத்தில் போய் உட்கார்ந்தது.

"தினமும் மூடற எடம் அது. கை தானா மூடிடுச்சு."

"தினமும் மத்தியானம் வாய்க்காலுக்கு அந்தப்பக்கத்துலேர்ந்து பூனையா வெளிய வந்து, புலியாப் போயிட்டு, பூனையா வீடு திரும்பற ஆளு. குலை நடுங்கிப்போன நேரத்துலகூடத் தெருவோட தூக்கத்துக்கு மரியாதை குடுத்திருக்கான். சக்கரபாணி ஷெட்டுக்காரங்களுக்கு அந்த மரியாதை என்னிக்காவது இருந்துதா?"

"இருந்திருந்தால் உத்திராபதி ஏன் புகார்மேல் புகாராக..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நிறுத்திவிட்டேன். அந்தப்பக்கம் காவல்காரர் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார். தெருவே தூங்கியிருக்கிறது. வாய்க்காலைத் தாண்டாத ஒரு சத்தத்தை, வாய்க்காலுக்கு அப்பால் வீட்டில் இருந்தபடி கேட்டதாக ஒரே ஒருவர்தான் சாட்சி சொல்லியிருக்கிறார்!

வாய்க்கால் வந்தது. தெய்வசிகாமணி எஞ்சினை அணைத்தார். இறங்கித் தள்ளிக்கொண்டு போனோம். நாங்களும் இந்த ஊர்க்காரர்கள்தானே.

உத்திராபதியின் வீட்டுப் பக்கவாட்டில் கார் கொட்டகை. கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே சாம்பல் நிற சிம்கா கார் ஒன்று, எஞ்சின் முன்னால் இருக்கும் ஜாதி, பளபளவென்று நின்றது. பக்கத்தில் பனியனோடு அவர். எங்களைக் கண்டதும் விரலை உதட்டில் வைத்தார்.

"மெல்லப் பேசுங்க முசியே. எங்க மதாம் தூங்கறாங்க."

"ஒரே ஒரு சந்தேகம்," என்று தெய்வசிகாமணியும் குரலைத் தாழ்த்தினார். "முந்தாநாள் அந்தச் சத்தத்தை எங்கேருந்து கேட்டீங்க?"

"மாடியில, சாய்வு நாற்காலியிலேர்ந்து. தூக்கம் கலைஞ்சு போச்சு."

"உங்க தெருவுல வேற யாருக்கும் கலையலையே?"

"எனக்குக் காது கொஞ்சம் கூர்மை."

இத்தனை பெரிய குற்றத்தை இத்தனை ரகசியக் குரலில் விசாரித்து நான் பார்த்ததேயில்லை. ஆஸ்பத்திரியில் ஒருத்தி முனகிக்கொண்டிருக்கிறாள், லாக்கப்பில் ஒருவன் நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறான், இங்கே நாங்கள் பூஜை அறையில் நிற்பது போலக் குசுகுசுக்கிறோம்! எனக்குப் பொறுமை போய்விட்டது. சிம்காவின் கதவைத் திறந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தேன். சாவி அதிலேயே தொங்கியது. முழங்காலுக்குப் பக்கத்தில், ஒரு கம்பியின் நுனியில், தேய்ந்து பளபளத்த ஒரு பித்தளை வளையம்.

"மதாம், அதைத் தொடாதீங்க..." என்று என்னைத் தடுக்கப் பார்த்தார் உத்திராபதி.

வளையத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருகினேன்.

சத்தம் என்றால் சத்தம்! கொட்டகையின் ஓடு அதிர்ந்தது. எதிர் வீட்டு ஜன்னல் படீரென்று திறந்தது, அடுத்து இன்னொன்று. ராமலிங்கம் ஸ்டூலோடு விழுந்த ஓசைகூடக் கேட்டதாக எனக்கு ஞாபகம். உத்திராபதி பாய்ந்து வந்தார். அவர் வளையத்தைத் தேடவில்லை. பார்க்கவும் இல்லை. கை நேராகப் போய் அதை என் பிடியிலிருந்து தட்டிவிட்டது. எஞ்சின் பூனையாக மாறி உறுமிக்கொண்டிருந்தது. நான் அணைத்துவிட்டு இறங்கினேன்.

"பழகின கை," என்றார் தெய்வசிகாமணி, இப்போது சாதாரணக் குரலில்.

"சத்தத்த மூடிட்டீங்களா?" என்று இன்னொரு குரல் கேட்டது.

கொட்டகையை ஒட்டிய மாடிப்படியின் கீழ்ப்படியில் உத்திராபதியின் மனைவி செல்வாம்பாள் நின்றிருந்தாள். தூங்கி எழுந்த முகமே இல்லை.

"செல்வம்... உன் தூக்கத்தக் கெடுத்துட்டாங்க..."

"நான் எங்கங்க தூங்கறேன்? நீங்க கொட்டகையத் தெறக்கறதும், போறதும், வர்றதும் எனக்குத் தெரியாதா? வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் இன்னா பண்றீங்கன்னுதான் தெரியாது. ஆனா திரும்பி வர்றப்ப உங்க மூஞ்சி சின்னப் புள்ள மூஞ்சியா இருக்கும். சரி, போவட்டும்னுதான் நானும் கண்ண மூடிக்கினு படுத்திருப்பேன்." அவள் ஒரு படி இறங்கி வந்தாள். "முந்தாநாள் அந்த மூஞ்சியக் காணோம். காரோட பம்பரத் தேச்சுத் தேச்சுக் கழுவினீங்க. மீன் கவிச்சி மாடி வரைக்கும் வந்துச்சு. நீங்களாச் சொல்லுவீங்கன்னு ரெண்டு நாளாப் பாத்துக்கினு இருக்கேன்."

உத்திராபதி காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டார். "சைகோன்ல லாரிப் பட்டறையில காலம் பூரா சத்தத்துலயே இருந்துட்டேன். இங்க வந்து ஒரு கரண்டி கீழ விழக்கூடாதுன்னு... ஒரு மணி நேரம், ரோட்டுல, அவ்ளோதான்." பிறகு எங்களைப் பார்த்து, "அந்தப் பொம்பள எழுந்து நடக்கறாளா?" என்று கேட்டார்.

"ஆறு மாசம் ஆகும்னு டாக்டர் சொல்றார்," என்றார் தெய்வசிகாமணி. "ஏன் நிக்கல?"

"நிக்கத்தான் பாத்தேன். நேரமாயிடுச்சு. மூணு மணிக்கு இவ எழுந்துடுவா..."

செல்வாம்பாள் காருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நான் எழுந்துடுவேன்னு," என்றாள், "ஒரு பொம்பளைய ரோட்டுல போட்டுட்டு வந்தீங்களா?"

எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. அந்த அம்மாளைப் பார்க்கத்தான் முடியவில்லை.

"அந்த மெக்கானிக் மேல ஏன் பழி போட்டீங்க?" என்று கேட்டேன்.

"குழாய் வாங்கறப்ப என் பேரச் சொல்லக் கூச்சமா இருந்துச்சு, அந்த சக்கரபாணிப் பையன் பேர் வாயில வந்துச்சு. போலீஸ்காரங்க வந்து 'வழக்கமாப் புகார் குடுப்பீங்களே, இன்னிக்கும் கேட்டுதா'ன்னாங்க. ஆமான்னுட்டேன்." அவர் காரின் மேல் ஊன்றிய கையை எடுத்துக்கொண்டார். "ஒரு மெக்கானிக்கப் புடிச்சுக்கினு போயிட்டாங்கன்னு அப்பறந்தான் தெரியும்."

"தெரிஞ்சு ரெண்டு நாள் சோறு தின்னிருக்கீங்க," என்றாள் செல்வாம்பாள். சொல்லிவிட்டு முந்தானையைச் சரிசெய்துகொண்டு, சிம்காவின் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். "ஸ்டேஷனுக்கு விடுங்க."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். சாவியைத் திருகினார். பூனைச் சத்தம்.

"அத இழுங்க," என்றாள்.

"தெருவே தூங்குது, செல்வம்."

"எழுந்திரிக்கட்டும்."

நாங்கள் முந்திக்கொண்டோம். எங்கள் மோட்டார் சைக்கிளின் அலறலும் அன்றைக்கு யாருக்கும் மரியாதை கொடுக்கவில்லை. ஸ்டேஷன் வாசலில் ஜீப்பைக் கிளப்பித் தயாராக வைத்திருந்தார்கள். மாரியப்பன் கையில் விலங்கோடு ஜீப்பின் படியில் ஒரு காலை வைத்துவிட்டான். இன்ஸ்பெக்டர் கலியமூர்த்தி தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். படியில் உட்கார்ந்திருந்த தனம் எங்களைக் கண்டு எழுந்தாள், எங்கள் கையில் ஒன்றும் இல்லாததைக் கண்டு மறுபடி உட்காரப் போனாள்.

"ஒரு நிமிஷம் பொறுங்க, இன்ஸ்பெக்டர்," என்றார் தெய்வசிகாமணி.

"உங்களுக்கு என்ன கிடைச்சுதோ அதை ஜட்ஜ்கிட்ட சொல்லிக்குங்க."

"நான் சொல்ல ஒண்ணுமில்ல. காதைக் குடுங்க, போதும்."

வாய்க்கால் பக்கத்திலிருந்து அது வந்தது. முதலில் தூரத்து இடி போல, பிறகு அடித்தொண்டையில், பிறகு தெருவையே உலுக்கிக்கொண்டு. கான்ஸ்டபிள்கள் திரும்பினார்கள். இன்ஸ்பெக்டரின் கண் தானாக முற்றத்துக்குப் போயிற்று. ரெனோ நான்கு சக்கரமும் இல்லாமல் செங்கல்லின் மேல் உட்கார்ந்திருந்தது. இன்ஸ்பெக்டர் மாரியப்பனைப் பார்த்தார். மாரியப்பன் தெரு முனையைப் பார்த்துக்கொண்டிருந்தான், வாய் லேசாகத் திறந்திருந்தது.

தனம் படியிலிருந்து இறங்கி இன்ஸ்பெக்டருக்கு எதிரில் வந்து நின்றாள்.

"வண்டி இங்க நிக்கிது. எங்க வீட்டுக்காரரு இங்க நிக்கிறாரு," என்றாள். "கத்திக்கினு வர்றது யாருங்கய்யா?"

இன்ஸ்பெக்டர் விலங்குச் சாவியை எந்தப் பையில் வைத்தோம் என்று தேட ஆரம்பித்தார்.